முதுகை அளந்த பிறகுதான் சேணம்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குக் குதிரை வாங்கப் போகிறவர்கள் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். நெற்றியிலும் கழுத்திலும் சுழி தேடுவார்கள். நாலு குளம்பையும் தூக்கிப் பார்ப்பார்கள். ஓடவிட்டு நடை பார்ப்பார்கள். முதுகில் கை வைத்துத் தடவிப் பார்க்கிறவர்கள் குறைவு. ஏறி உட்காரப் போவது அந்த முதுகின் மேல்தான் என்றாலும், அது கண்ணில் படுவதில்லை. சேணத்தை யாரும் தனியாக யோசிப்பதே இல்லை. குதிரை அமைந்தால் சேணம் தானாக அமையும் என்று நினைப்பு.

பவானி வட்டாரத்தில் நாலு ஏக்கரில் மஞ்சளும் சோளமும் போடும் ஒரு விவசாயி, அந்தச் சந்தையில் ஆறு வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கினார். செவலை நிறம், 56 அங்குல உயரம். காத்தியவார் ரத்தம் கலந்தது என்று விற்றவர் சொன்னார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு இரண்டு வருடமாகக் குதிரை மேல் ஆசை. மகளுக்குத்தான் என்று வெளியே சொன்னாலும், சின்ன வயதில் வாடகைக் குதிரைவண்டியின் பின்னாலேயே ஓடிய அப்பாவுக்கும் அந்த ஆசை குறையாமல் இருந்தது. பேரம் முடியும்போது விற்றவர் ஒரு சேணத்தைத் தூக்கி வைத்து, “இது இனாமுங்க, எடுத்துட்டுப் போங்க” என்றார். நல்ல தோல், அகலமான இருக்கை. அப்பா அங்கேயே ஏறி உட்கார்ந்து பார்த்தார். அவருக்கென்றே செய்தது போல இருந்தது.

அவருக்குத்தான் அப்படி இருந்தது. குதிரைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க ஆளில்லை.

புரட்டாசி கடைசியில் தொல்லை தொடங்கியது. சேணத்தைத் தூக்கிக்கொண்டு கிட்டே போனாலே செவலை காதைப் பின்னால் மடக்கியது. வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது தலையைத் திருப்பிக் கடிக்க வந்தது. வாய்க்கால் கரைச் சரிவில் இறங்க மறுத்து நின்றது. ஒருநாள் மகளின் தோளில் பல் பட்டுச் சட்டை கிழிந்தது. அம்மா அன்றைக்கே, “இதை வித்துப் போடுங்க, பொம்பளப் புள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்று முடிவாகச் சொல்லிவிட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சுழி சரியில்லை என்றார். சந்தையில் வாங்கிய விலையில் பாதிக்குக் கேட்டு ஒரு தரகரும் வந்துவிட்டுப் போனார்.

விற்கவிடாமல் தடுத்தவர் அப்பாரு. எண்பதை நெருங்கும் அவர் வாழ்நாளில் குதிரை ஏறியவரில்லை. ஆனால் முப்பது வருடம் இரட்டை மாட்டு வண்டி ஓட்டியவர். மகள் சவாரி முடிந்து வந்ததும் சேணத்தைக் கழற்றச் சொல்லி, முதுகை வெயிலில் நிறுத்திப் பார்த்தார். சேணம் இருந்த இடமெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் காய்ந்து கிடந்தது. அங்கே விரலை வைத்து அழுத்தினார். செவலை முதுகைக் கீழே தாழ்த்திக்கொண்டு விலகியது.

“கண்ணு, இது கெட்ட குதிரையில்ல. நொகத்தடி சேராத மாடு இப்படித்தான் பண்ணும். பூட்டப் போனா தலையை ஆட்டும், கொம்பை நீட்டும். கழுத்துல புண்ணு வர்றதுக்கு முன்னாடியே மாடு சொல்லிப் போடும். நாமதான் சாட்டையை எடுப்போம்” என்றார்.

அந்தக் காய்ந்த இடம் எதைக் காட்டுகிறது என்பது குதிரை வைத்திருக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. அரைமணி நேரம் ஓட்டிய பிறகு சேணத்தின் அடி முழுக்க ஒரே மாதிரி நனைந்திருக்க வேண்டும். நனைந்த முதுகின் நடுவே திட்டாகக் காய்ந்திருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, சேணம் அங்கே முதுகைத் தொடவே இல்லை. அப்படியானால் அந்த இடத்து மயிர் கலையாமல் இருக்கும், தொட்டால் வலிக்காது. இன்னொன்று, சேணம் அங்கே மிகவும் அழுத்தி, வேர்வை வர வழியில்லாமல் செய்துவிட்டது. அப்போது மயிர் படிந்து கிடக்கும், தொட்டால் குதிரை துடிக்கும். இந்த இரண்டாவது வகையைக் கவனிக்காமல் விட்டால் தோல் தடிக்கும், வீங்கும், புண்ணாகும். புண் ஆறிய பிறகும் அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைக்கும். செவலையைத் திரும்ப உற்றுப் பார்த்தபோது தோளருகே ஏழெட்டு வெள்ளை மயிர் இருந்தது. வாங்கும்போது அதை அழகுப் புள்ளி என்று நினைத்திருந்தார்கள். பழைய காயத்தின் தழும்பு அது. சந்தையில் முதுகைத் தடவிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

கால்நடை மருந்தகத்து மருத்துவரும் அப்பாரு சொன்னதையே வேறு வார்த்தையில் சொன்னார். ஒரு பக்கம் தோல் லேசாக உரிந்திருந்தது. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவி, ஈ உட்காராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். முழுக்க ஆறும்வரை சேணமே வைக்கக்கூடாது என்றார். ரண ஜன்னி தடுப்பூசி போட்டதுண்டா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை, அன்றே போட்டார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: மாட்டைவிடக் குதிரைக்கு ரண ஜன்னி எளிதில் பிடிக்கும், வந்துவிட்டால் பிழைப்பது கடினம். சின்னக் காயம்தானே என்று மஞ்சளை அப்பிவிட்டு இருந்துவிடக் கூடாது.

புண்ணுக்கு நேராக மெத்தையில் ஓட்டை வெட்டி, அதன் மேல் சேணம் வைத்து ஓட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஓட்டையின் விளிம்பு சுற்றிலும் அழுத்திப் புண்ணைப் பெரிதாக்கும். அடியில் இரண்டு மெத்தை போட்டுச் சமாளிப்பதும் அப்படித்தான். பற்றாத செருப்புக்குள் இன்னொரு காலுறை போட்டால் காலுக்குச் சுகமா வரும்?

செவலை ஐந்து வாரம் சும்மா மேய்ந்தது. அந்த ஐந்து வாரத்தில்தான் வீட்டில் அளவு எடுத்தார்கள். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் பழைய சர்வீஸ் ஒயரில் மூன்று அடி மிச்சம் கிடந்தது. வளைத்தால் வளைந்த இடத்தில் நிற்கும் கம்பி அது. வேறெதுவும் வாங்க வேண்டியதில்லை. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், காளைக்குத் திமில் இருக்கும் பக்கம், குதிரைக்கு ஓர் எலும்பு மேடு எழும்பி நிற்கும். அதன் இரண்டு பக்கமும் தோள்பட்டை எலும்பு சரிந்து இறங்கும். அந்த எலும்பின் பின்விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அதிலிருந்து இரண்டு விரல் பின்னால் கம்பியை முதுகின் குறுக்கே வைத்து அழுத்தினார்கள். கம்பியைக் கலையாமல் எடுத்து அட்டைப்பெட்டி அட்டையில் வைத்துக் கோடு போட்டு வெட்டினார்கள். இதே மாதிரி முதுகின் நடுவில் ஒன்று, கடைசி விலா எலும்புக்கு நேராக ஒன்று. முதுகெலும்பு நெடுக முன்னிருந்து பின்னாக இன்னொன்று. மொத்தம் நாலு அட்டை. அளக்கும்போது குதிரை சமதரையில், நாலு காலும் சமமாக ஊன்றி, தலையை நேராக வைத்து நிற்க வேண்டும். தீனிக்குக் குனிந்து நின்றால் முதுகின் வடிவமே மாறிவிடும்.

கடைசி விலா எலும்பு ஏன் முக்கியம் என்றால், சேணத்தின் எல்லை அதுதான். குதிரைக்குப் பக்கத்துக்குப் பதினெட்டு விலா எலும்பு. அதுவரைக்கும்தான் முதுகுக்கு அடியில் விலாக்கூட்டின் தாங்கல் உண்டு. அதற்குப் பின்னால் இருக்கும் இடுப்புக்கு அந்தத் தாங்கல் இல்லை. அங்கே எடை இறங்கினால் குதிரை முதுகை வளைத்துக்கொண்டு நடக்கும், பள்ளத்தில் இறங்கப் பயப்படும். இனாமாக வந்த சேணத்தை அட்டையோடு வைத்துப் பார்த்தபோது எல்லாம் விளங்கியது. இருக்கை 18 அங்குலம். பின்பக்கம் கடைசி விலாவைத் தாண்டி நாலு விரல் நீண்டிருந்தது. முன்பக்கம் உள்ளே இருக்கும் சட்டம் அட்டையைவிடக் குறுகல். ஒடிசலான தோள் கொண்ட, நெடிய குதிரைக்குச் செய்த சேணம் அது. குட்டையும் அகலமுமான செவலையின் தோளை இரண்டு பக்கமும் கிடுக்கி போலப் பிடித்திருக்கிறது. நடக்கும்போது முன்காலை நீட்டினால் தோள்பட்டை எலும்பு பின்னால் நகரும். ஒவ்வொரு அடிக்கும் சட்டத்தில் போய் முட்டியிருக்கிறது.

மகள் எடையும் கணக்குப் பார்த்தாள். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை டேப்பால் சென்டிமீட்டரில் எடுத்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும். அதைத் தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கில் குதிரையின் எடை கிடைக்கும். செவலைக்குச் சுற்றளவு 164, நீளம் 146. வகுத்தால் 330 கிலோ வந்தது. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அப்படியானால் 66 கிலோ. மகள் 46 கிலோ, சேணம் 8 கிலோ, கூட்டினால் 54. தாராளம். அப்பா 76 கிலோ. சேணத்தோடு 84.

நோட்டில் எழுதிய கணக்கை அவள் அப்பாவிடம் நீட்டிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் இரண்டு முறை பார்த்தார். “டேப்பைச் சரியாப் புடிச்சயா அம்மிணி?” என்று கேட்டார். மறுபடி பிடித்தார்கள். அதே 164. “செரி விடு. நான் முன்னால புடிச்சுட்டு நடக்கறேன்” என்று எழுந்து மஞ்சளுக்குத் தண்ணீர் மாற்றப் போய்விட்டார். நாற்பது வருட ஆசையை ஒரு கழித்தல் கணக்கு முடித்துவைத்தது கொஞ்சம் கொடுமைதான். ஆனால் தன் எடையைத் தாங்கும் குதிரையை வாங்கியிருக்கலாம் என்ற பேச்சை அவர் அதன்பிறகும் எடுக்கவில்லை.

கார்த்திகையில், கோவைப் பக்கம் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கும் ஒருவரிடம் நாலு சேணம் விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு அட்டைகளோடு போனார்கள். அவர் அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு சேணத்தை அப்போதே ஓரமாக எடுத்து வைத்துவிட்டார். மீதி மூன்றையும் வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துப் பார்க்கக் கொடுத்தார். சேணம் விற்கிறவர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அங்கே வாங்காமல் திரும்புவதே மேல். குதிரை மேல் வைத்துப் பார்க்காத சேணம், போட்டுப் பார்க்காமல் வாங்கிய செருப்புதான்.

பார்க்கும் முறை இது. அடியில் மெத்தை போடாமல் வெறும் முதுகில் சேணத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்னால் தள்ளிக்கொண்டே வந்தால், தோளுக்குப் பின்னால் ஓரிடத்தில் தானாக நிற்கும். அதுதான் அதன் இடம். முன்னிருந்து பின்னாகத் தள்ளினால் மயிரும் படிந்து கிடக்கும். பின்னிருந்து முன்னால் இழுத்தால் மயிர் எதிர்த்து நின்று உறுத்தும். பிறகு எலும்பு மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவில், ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும், இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். முதுகெலும்பு நெடுக சேணத்தின் நடுவே மூன்று விரல் அகலத்துக்கு வழி இருக்க வேண்டும். பின்னால் நின்று குனிந்து பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். அடுத்து, உள்ளங்கையைச் சேணத்துக்கு அடியில் விட்டு முன்னிருந்து பின்வரை மெல்ல நகர்த்த வேண்டும். எங்கும் ஒரே மாதிரி அழுத்தம் இருந்தால் சரி. முன்னாலும் பின்னாலும் அழுத்தி நடுவில் கை தளர்வாகப் போனால், பாலம் போல இரண்டு முனையில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு முன்னும் பின்னும் ஊஞ்சலாடினாலும் ஆகாது. கடைசியாக ஒருவர் குதிரையின் முன்காலை முன்னால் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் தோளருகே சேணத்துக்கடியில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் விரல் நசுங்கினால் குதிரையின் தோளும் நசுங்கும்.

மூன்றில் முதலாவது பாலம் போட்டது. அதோடு போயிற்று. இரண்டாவது செவலைக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் மகள் ஏறியதும் கால் முன்னால் போய், நாற்காலியில் உட்கார்ந்தவள் மாதிரி பின்னால் சாய்ந்தாள். அங்கவடி தொங்கும் வார் மிகவும் முன்னால் இருந்ததுதான் காரணம். அப்படி உட்கார்ந்தால் ஏறினவரின் எடை முழுக்கச் சேணத்தின் பின்முனையில் விழும். ஆக, ஆளுக்குச் சேராத சேணம் கடைசியில் குதிரைக்கும் சேராது. மூன்றாவதில் இருக்கை 16 அங்குலம். உட்கார்ந்ததும் அவளுக்குப் பின்னால் ஒரு கை அகலம், அதாவது நாலு விரல், இடம் இருந்தது. முழங்கால் பக்கமடலுக்குள் அடங்கியது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் ஒரே தூக்குநூலில் வந்தன. ஆனால் செவலையின் இடதுபக்கம் பின்னால் மட்டும் கை கொஞ்சம் தளர்வாகப் போனது. அந்தக் குறை சட்டத்தில் இல்லை, உள்ளே அடைத்த கம்பளியில் இருந்தது. விற்றவரே தையலைப் பிரித்து அந்தப் பக்கம் கம்பளி சேர்த்து அடைத்துக் கொடுத்தார். சட்டம் சேரவில்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. அடைப்பு சேரவில்லையென்றால் சரிசெய்யலாம். பேரம் பேசப்போகும்போது இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

வரிசையையும் மாற்றக் கூடாது. முதலில் குதிரைக்குச் சேருகிறவற்றைப் பிரித்தெடுத்து, அதில் ஆளுக்கு எது சேருகிறது என்று பார்ப்பதே முறை. ஆளுக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு குதிரையோடு பொருத்தப் பார்த்தால் இனாம் சேணத்தின் கதைதான்.

இப்போது பூட்டும்போது முன்கை மூட்டுக்கு நாலு விரல் பின்னால் வயிற்றுப்பட்டை வருகிறதா என்று மகள் பார்க்கிறாள். ஒரே இழுப்பில் இறுக்காமல் மூன்று தடவையாக, நடுநடுவே நாலடி நடக்கவிட்டு இறுக்குகிறாள். கடைசி இறுக்கலுக்குப் பிறகு இரண்டு முன்காலையும் ஒவ்வொன்றாக முன்னால் இழுத்துவிட்டால் பட்டைக்கடியில் தோல் சுருங்காமல் இருக்கும். முதல் வாரம் செவலை அப்போதும் காதை மடக்கிக்கொண்டுதான் இருந்தது. வலி போனாலும் வலியின் நினைப்பு உடனே போவதில்லை. சேணம் வைக்கும்போதெல்லாம் அப்பாரு பக்கத்தில் நின்று, தாடையில் சொறிந்துகொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். தை பிறப்பதற்குள் அது நின்றுவிட்டது. தோட்டத்துச் சரிவிலும் இறங்குகிறது. அம்மா இன்னும் கிட்டே வருவதில்லை. ஆனால் விற்கும் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஹவாய் செருப்போடு ஏறுவதற்கு மட்டும் அவர் இன்றைக்கும் விடுவதில்லை. அதில் நியாயம் உண்டு. அங்கவடிக்குள் செருப்பு நழுவிக் கால் கணுக்கால் வரை உள்ளே போய்விட்டால், விழும்போது கால் மாட்டிக்கொண்டு குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். குதிகால் வைத்த ஷூ வேண்டும். அங்கவடி அந்த ஷூவைவிட ஓர் அங்குலம் அகலமாக இருக்க வேண்டும். நீளத்துக்கு எளிய அளவு ஒன்று உண்டு: விரல் நுனியை வார் தொங்கும் இடத்தில் வைத்துக் கையை நீட்டினால், அங்கவடியின் அடி அக்குளைத் தொட வேண்டும். ஏறிய பிறகு வேண்டுமானால் ஒரு துளை கூட்டிக் குறைக்கலாம்.

பழைய சேணம் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். முன்முனையையும் பின்முனையையும் இரண்டு கையால் பிடித்து வயிற்றோடு அணைத்து அழுத்தினால், சட்டம் முறிந்திருந்தால் நடுவில் மடங்கும் அல்லது கறகறவென்று சத்தம் கேட்கும். அதை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். வயிற்றுப்பட்டையைக் கோக்கும் வார்களின் தையலை நகத்தால் கிளறிப் பாருங்கள். இற்றிருந்தால் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து மெழுகு நூலில் தைத்துக்கொள்ளலாம். தோலே வெடித்திருந்தால் புது வார் போட வேண்டும். அடியில் போடும் மெத்தைக்குப் பருத்தியோ கம்பளியோ நல்லது. சாக்கை மடித்துப் போட்டால் சணல் நார் தோலை அராவும். மெத்தையின் நடுப்பகுதியைச் சேணத்தின் வழிக்குள் மேலே இழுத்துவிட்டுப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு மேட்டில் அது இறுகிக்கொள்ளும். மழைக்காலத்தில் தோலில் பூஞ்சை பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைத்து எண்ணெய் போடலாம். வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.

அந்த நாலு அட்டைகளும் கட்டுத்தறிச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. பசுந்தீவனம் கிடைக்கும் மாதங்களில் குதிரை சதை போடும், கோடையில் இளைக்கும், ஓட்ட ஓட்ட முதுகுத் தசை ஏறும், வயதானால் முதுகு தாழும். பங்குனியில் மகள் முன் அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி விழுந்திருந்தது. தேதி போட்டுப் புது அட்டை வெட்டி, பழையதன் மேலேயே மாட்டியிருக்கிறாள்.